இ.எம்.ஐ-யில் மனைவி பெயர் இருக்கு... பத்திரத்தில் இருக்கா? கள்ளக்குறிச்சியில் முதல் வீடு வாங்கும் ஜோடிகளுக்கு!

கள்ளக்குறிச்சியிலிருந்து தியாகதுருகம் பக்கம் போனாலும் சரி, கச்சிராயபாளையம் பக்கம் போனாலும் சரி, கரும்புக்கும் மரவள்ளிக்கும் நடுவே வண்ணக்கொடி கட்டிய மனைப்பிரிவு ஒன்றையாவது தாண்டாமல் போக முடியாது. 'கலெக்டர் ஆபீஸ் 10 நிமிடம்', 'மெடிக்கல் காலேஜ் 5 நிமிடம்' என்று போர்டு நிற்கும். எந்த வண்டியில், எந்த வேகத்தில் என்று மட்டும் போட்டிருக்க மாட்டார்கள்!

இந்த போர்டுகள் திடீரென்று முளைக்கவில்லை. 2019 நவம்பர் 26-ல் விழுப்புரத்திலிருந்து பிரிந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. 2022 ஜனவரியில் சிறுவங்கூரில் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தார்கள். 2023 ஏப்ரலில் உளுந்தூர்பேட்டை சிப்காட்டில் 2,302 கோடி ரூபாயில் காலணித் தொழிற்சாலை அமைக்க, தைவானின் பௌ சென் குழுமத்தைச் சேர்ந்த நிறுவனத்தோடு தமிழக அரசு ஒப்பந்தம் போட்டது. 20,000 பேருக்கு வேலை என்று அறிவிப்பு. சின்னசேலம் - கள்ளக்குறிச்சி ரயில் பாதை பற்றிய பேச்சு வேறு. மாவட்டத் தலைநகர் என்று ஆனதும் ஆபீஸ்கள் வரும், நர்ஸ்களும் டீச்சர்களும் வி.ஏ.ஓ-க்களும் குடிவருவார்கள், வாடகை ஏறும். 'இந்த வாடகைக்கு இ.எம்.ஐ கட்டிடலாமே' என்று ஏதோ ஒரு ராத்திரி சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் பேச்சு ஆரம்பிக்கும். உங்கள் வீட்டிலும் ஆரம்பித்திருந்தால், இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்.

சதுர அடி என்ன ரேட், தண்ணி எத்தனை அடியில், ரோடு எத்தனை அடி, வாசல் எந்தத் திசை... எல்லாம் கேட்பீர்கள். ஊரே கேட்கச் சொல்லும். யாரும் கேட்கச் சொல்லாத ஒரு கேள்வி இருக்கிறது. பத்திரம் யார் பேரில்?

நகை எங்கே போச்சு?

ஒரு சின்ன கணக்கு போடுவோம். 28 லட்சம் ரூபாய்க்கு ஒரு பழைய வீடு பார்க்கிறீர்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி, 30 லட்சம் வரையிலான வீட்டுக்கடனுக்கு வீட்டு மதிப்பில் 90 சதவிகிதம் வரைதான் வங்கி தரலாம். 25 லட்சம் கடன் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மீதி 3 லட்சம் உங்கள் கையிலிருந்து. அப்புறம் பத்திரப்பதிவு. தமிழ்நாட்டில் 2023 ஏப்ரல் முதல் முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவிகிதம். பத்திரத்தில் 28 லட்சம் என்று காட்டினால் 2,52,000 ரூபாய். ஆக, சாவி கைக்கு வருவதற்கு முன்பே ஐந்தரை லட்சம் ரொக்கமாக வேண்டும். வக்கீல் ஒப்பீனியன், வேல்யூயர் ஃபீஸ், பத்திர எழுத்தர் எல்லாம் இதற்கு மேலே.

கல்யாணமாகி இரண்டு, மூன்று வருஷமான ஜோடியிடம் ஐந்தரை லட்சம் சேமிப்பாக இருக்குமா? பெரும்பாலும் இருக்காது. ஆனால் பீரோவில் நகை இருக்கும். மனைவியின் நகை. அவளுடைய அப்பா கடன் வாங்கிப் போட்ட நகை. அது அடகுக் கடைக்கோ வங்கிக்கோ போகும், பணமாக மாறும், கணவன் கணக்கில் ஏறும், அங்கிருந்து விற்பவர் கணக்குக்குப் போகும். பத்திரத்தில் 'கிரயம் பெறுபவர்' என்ற இடத்தில் கணவன் பேர் மட்டும் நிற்கும். சில வீடுகளில் மாமனார் பேர்!

யாரும் ஏமாற்ற நினைத்து இதைச் செய்வதில்லை. 'அவர் பேர்ல இருந்தா என்ன, எம்பேர்ல இருந்தா என்ன' என்று அவளேதான் சொல்லியிருப்பாள். ரெண்டு பேருக்கும் லீவ் கிடைக்காத ஒரு செவ்வாய்க்கிழமை டோக்கன் கிடைத்திருக்கும். ஆனால், விளைவு ஒன்றுதான்: அந்த ஐந்தரை லட்சம் நகையிலிருந்து வந்தது என்பதற்கு எந்தக் காகிதத்திலும் ஒரு வரி இருக்காது.

மலை மேலே சட்டம் வேற மாதிரி

இப்போது கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைத் தாண்டி, கல்வராயன் மலைக்கு ஏறுவோம். வெள்ளிமலையைத் தலைமையிடமாகக் கொண்டு இந்த மலைக்குத் தனி தாலுகாவே இருக்கிறது. இங்கே வாழ்பவர்களில் பெரும்பாலானோர் மலையாளி பழங்குடியினர். நாடு சுதந்திரமடைந்து 29 வருஷம் கழித்து, 1976 வரை, இந்த மலை ஜாகிர்தார்களின் பிடியில் இருந்தது. நில ஆவணம் என்கிற விஷயமே இங்கு தாமதமாகத்தான் வந்தது. 2024 ஜூன் கள்ளச்சாராய மரணங்களுக்குப் பிறகு, சென்னை உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து, கல்வராயன் மலை மக்களின் வாழ்க்கைத் தரம் குறித்து வழக்கு எடுத்து, சாலை முதல் ரேஷன் வரை கேள்வி கேட்டது. அந்த அளவுக்குப் பின்தங்கிய இடம்.

ஆனால், கீழே இருக்கும் நமக்கு இல்லாத ஒரு விஷயம் அந்த மலைக்கு இருக்கிறது. 2006-ம் வருஷத்து வன உரிமைச் சட்டம். தலைமுறையாக வன நிலத்தில் குடியிருப்பவர்களுக்கும் பயிர் செய்பவர்களுக்கும் உரிமை கொடுக்கும் சட்டம் இது. அதன் 4-வது பிரிவில் ஒரு வரி: கல்யாணமானவர்கள் என்றால், உரிமையைக் கணவன், மனைவி இருவர் பேரிலும் கூட்டாகத்தான் பதிய வேண்டும். 'விருப்பப்பட்டால்' இல்லை. 'பதியப்படும்'. அவ்வளவுதான்.

யோசித்துப் பாருங்கள். வெள்ளிமலைப் பக்கம் ஒரு பழங்குடிப் பெண்ணுக்கு வன உரிமைப் பட்டா கிடைத்தால், அதில் அவள் பேர் கட்டாயம் இருக்க வேண்டும். 50 கிலோமீட்டர் கீழே, மாதம் 35,000 சம்பளம் வாங்கி பாதி இ.எம்.ஐ கட்டும் பெண்ணுக்கு அப்படி எந்தக் கட்டாயமும் இல்லை!

மலையைப் புகழ்ந்து முடித்துவிடவும் முடியாது. அதே பிரிவு இன்னொன்றும் சொல்கிறது. இந்த உரிமை வாரிசுக்குப் போகும். விற்கவோ மாற்றவோ முடியாது. நிலம் கைவிட்டுப் போகக்கூடாது என்பதற்கான பாதுகாப்பு இது. நல்ல விஷயம்தான். ஆனால், விற்க முடியாத நிலத்தை வங்கி அடமானமாக எடுக்காது. அடமானம் இல்லாமல் வீட்டுக்கடன் இல்லை. ஆக, மலையில் இருக்கும் ஜோடிக்குப் பேர் இருக்கிறது, கடன் இல்லை. கீழே இருக்கும் ஜோடிக்குக் கடன் இருக்கிறது, பாதிப் பேருக்குப் பேர் இல்லை.

அதனால் மலையில் வீடு என்பது பெரும்பாலும் அரசுத் திட்டத்தை நம்பித்தான். 2024-25-ல் தொடங்கிய 'கலைஞரின் கனவு இல்லம்' திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 3.50 லட்சம் ரூபாய். 360 சதுர அடி, அதில் 300 சதுர அடிக்கு கான்கிரீட் கூரை. சமவெளியில் இந்தப் பணத்தில் கட்டுவதே இழுபறி. மலைக்கு சிமென்ட், ஜல்லி, எம்-சாண்ட், கம்பி எல்லாம் கொண்டை ஊசி வளைவுகளில் ஏற வேண்டும். ரோடு முடிகிற இடத்திலிருந்து குக்கிராமத்துக்குத் தலைச்சுமை. ஏற்றுக்கூலியே பட்ஜெட்டைத் தின்றுவிடும். மலைக்கென்று தனியாகக் கூடுதல் தொகை வைத்தால்தான் இந்தத் திட்டம் அங்கே முழு வீடாக மாறும் என்பது என் கருத்து.

இடையில் ஒரு எச்சரிக்கை. 'கல்வராயன் மலையில் வீக்எண்ட் ஹவுஸ்' என்று ரீல்ஸ் பார்த்துவிட்டு, அருவி வியூவோடு ஒரு ஏக்கர் வாங்கலாம் என்று கிளம்பும் ஜோடிகள், தயவுசெய்து பிரேக் போடுங்கள். வன உரிமை நிலத்தை உங்களுக்கு யாராலும் விற்க முடியாது. நிபந்தனைப் பட்டா நிலத்தையும் நிபந்தனையை மீறி விற்க முடியாது. 'அனுபவத்துல இருக்கு, அக்ரிமென்ட் எழுதிக்கலாம்' என்று யாராவது சொன்னால், நீங்கள் வாங்குவது வெறும் பேப்பர். இழப்பது உங்கள் பணம் மட்டுமில்லை. அந்த நிலத்தில் வாழும் இன்னொரு குடும்பத்தின் இடமும்கூட.

கடனில் பேர்... சொத்தில் இல்லை!

கீழே இறங்குவோம். இதுதான் நான் மிகவும் கவலைப்படும் இடம்.

ஒருத்தர் சம்பளத்துக்கு 25 லட்சம் கடன் கிடைக்காது என்றால் வங்கி என்ன சொல்லும்? 'ஒய்ஃபை கோ-அப்ளிகென்ட்டா போடுங்க சார்.' சம்பளம் ரெண்டும் சேரும், லோன் பாஸாகும். மனைவி பத்து இடத்தில் கையெழுத்து போடுவாள். சொத்தில் பங்கு இருப்பவர்கள் எல்லாரும் கடனில் சேர வேண்டும் என்று வங்கிகள் வழக்கமாகக் கேட்கும். ஆனால், கடனில் சேர்ந்தவர் சொத்திலும் பங்குதாரராக இருக்க வேண்டும் என்று கேட்பதில்லை. வங்கிக்கு வேண்டியது வசூல். யார் சொந்தக்காரர் என்பது உங்கள் பாடு.

விளைவைப் பாருங்கள். 25 லட்சம், எட்டரை சதவிகித வட்டி, 20 வருஷம் என்றால் மாதத் தவணை சுமார் 21,700 ரூபாய். மொத்தம் கட்டுவது 52 லட்சம். கணவனுக்கு வேலை போனால், உடம்பு முடியாமல் போனால், அல்லது இருவரும் பிரிந்தால், வங்கி முழுக் கடனுக்கும் அவளைக் கேட்கலாம். 'பாதிதான் என் பொறுப்பு' என்று சொல்ல முடியாது. தவணை தவறினால் அவளுடைய சிபில் ஸ்கோரும் அடிவாங்கும். வீட்டில் பங்கு? பத்திரத்தைத் திறந்து பார்த்தால் அவள் பேரே இல்லை.

(அதே கடனை 15 வருஷத்துக்கு எடுத்தால் தவணை சுமார் 24,600. மாதம் 2,900 ரூபாய் கூடுதல். ஆனால் மொத்தத்தில் ஏழே முக்கால் லட்சம் மிச்சம். ரெண்டு சம்பளம் இருக்கிற வீடு என்றால் இதை ஒருமுறை போட்டுப் பாருங்கள்.)

'கோர்ட்டுக்குப் போனா கிடைக்குமே' என்பீர்கள். கிடைக்கலாம். 2023 ஜூன் 21-ல் சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி ஒரு முக்கியமான தீர்ப்பு கொடுத்தார். கணவர் 1983 முதல் 1994 வரை சவுதி அரேபியாவில் வேலை பார்த்துப் பணம் அனுப்பினார். மனைவி இங்கே குடும்பத்தையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டார். சொத்துகள் வாங்கப்பட்டன. பிறகு, 'எல்லாம் என் உழைப்பு' என்று வழக்கு. வீட்டு வேலையைச் செய்து, கணவர் வெளியே போய்ச் சம்பாதிக்க வழிசெய்த மனைவியும் அந்தச் சொத்துக்குப் பங்களித்தவர்தான். அவருக்கும் சம பங்கு உண்டு என்றார் நீதிபதி. மனைவியின் பங்களிப்பை நேரடியாக அங்கீகரிக்கும் சட்டம் இங்கு இல்லை. அங்கீகரிக்கக் கூடாது என்று நீதிபதிகளைத் தடுக்கும் சட்டமும் இல்லை என்பதுதான் தீர்ப்பின் அடிப்படை.

கொண்டாட வேண்டிய தீர்ப்பு. ஆனால் வருஷத்தைக் கவனியுங்கள். எண்பதுகளில் அனுப்பிய பணத்தைப் பற்றிய கேள்விக்கு 2023-ல் பதில். சப் ரிஜிஸ்ட்ரார் ஆபீஸில் ஒரு வரி கூடுதலாக எழுதியிருந்தால் முடிந்திருக்க வேண்டிய விஷயம்.

கோவாவில் நிலைமையே வேறு. அங்கே போர்த்துகீசியர் காலத்துக் குடும்பச் சட்டம் இன்னும் தொடர்கிறது. கல்யாணத்துக்கு முன் வேறு மாதிரி ஒப்பந்தம் போடாவிட்டால், தம்பதியின் சொத்து இருவருக்கும் பொதுச் சொத்து. நமக்கு அப்படித் தானாக வராது. கேட்டு எழுதினால்தான் உண்டு.

சரி, எப்படி எழுதுவது?

இருவர் பேரிலும் எழுதுவது ஒன்றும் சிரமமில்லை. முத்திரைத் தீர்வையும் அதனால் கூடாது. ஆளுக்கு எவ்வளவு பங்கு என்பதைப் பத்திரத்திலேயே குறிப்பிடலாம். குறிப்பிடாவிட்டால், சொத்து மாற்றுச் சட்டத்தின் 45-வது பிரிவு வரும்: யார் எவ்வளவு பணம் போட்டார் என்று நிரூபித்தால் அந்த விகிதம், நிரூபிக்க ஆதாரம் இல்லையென்றால் சம பங்கு. அதனால் நகையை விற்றோ அடகு வைத்தோ வந்த பணம் முதலில் மனைவி கணக்கில் ஏறட்டும். அங்கிருந்து விற்பவருக்கு நேரடியாகப் போகட்டும். ரசீதை எடுத்து வையுங்கள். ரெண்டு கணக்கிலிருந்தும் போன தொகையைப் பத்திரத்தில் எழுதச் சொல்லுங்கள். இது சந்தேகமில்லை கணவர்களே, கணக்கு!

அட்வான்ஸை ரொக்கமாகக் கொடுக்கும் பழக்கம் நம் பக்கம் இன்னும் இருக்கிறது. சொத்து விற்பனைக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவது வருமான வரிச் சட்டப்படி தப்பு. பேங்க் வழியாகவே போங்கள்.

'மனைவி பேர்ல மட்டும் எழுதினா பினாமி ஆயிடும்' என்று டீக்கடையில் சொல்வார்கள். ஆகாது. கணக்கில் உள்ள வருமானத்தில் மனைவி பேரில் வாங்கும் சொத்துக்குப் பினாமி தடைச் சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது. தவிர, 2025 ஏப்ரல் 1 முதல் 10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண் பேரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவிகிதம் குறையும். அதிகபட்சம் 10,000 ரூபாய் மிச்சம். மனை மட்டும் வாங்குகிறவர்களுக்கு உதவும். கூட்டாக எழுதினால் இந்தச் சலுகை உங்களுக்குப் பொருந்துமா என்பதைப் பதிவுக்கு முன்பே சப் ரிஜிஸ்ட்ரார் ஆபீஸில் கேட்டுவிடுங்கள்.

நகராட்சி, பேரூராட்சி எல்லைக்குள் முதல் வீடு என்றால், மத்திய அரசின் பி.எம்.ஏ.ஒய் நகர்ப்புறம் 2.0 திட்டத்தையும் பாருங்கள். குடும்ப வருமானம் வருஷத்துக்கு 9 லட்சம் வரை, வீட்டு மதிப்பு 35 லட்சம் வரை, கடன் 25 லட்சம் வரை. முதல் 8 லட்சம் கடனுக்கு 4 சதவிகித வட்டி மானியம். மொத்தம் 1.80 லட்சம் வரை, ஐந்து தவணையில் கடன் கணக்கில் ஏறும். குடும்பத்தில் யார் பேரிலும் இந்தியாவில் எங்கும் பக்கா வீடு இருக்கக்கூடாது. வீடு பெண் பேரிலோ, கணவன் மனைவி கூட்டாகவோ இருக்க வேண்டும் என்பது இந்தத் திட்டத்தின் விதி. பத்திரம் போட்டுவிட்டு மானியத்துக்கு ஓடினால் இங்கேதான் மாட்டுவீர்கள்.

இன்னொரு லாபம். பழைய வரி முறையில் இருப்பவர்கள் என்றால், சொத்திலும் கடனிலும் பேர் இருக்கும் இருவரும், அவரவர் கட்டும் பங்குக்கு ஏற்ப, வட்டிக்குத் தலா 2 லட்சம் வரை தனித்தனியாகக் கழிவு கேட்கலாம். சொத்தில் பேர் இல்லாமல் கடன் மட்டும் கட்டுபவருக்கு அது கிடையாது. புதிய வரி முறையில், குடியிருக்கும் வீட்டுக்கு இந்தக் கழிவு யாருக்குமே இல்லை.

கூட்டாக எழுதிவிட்டால் ஒருவர் இறந்தால் மற்றவருக்குத் தானாக வந்துவிடும் என்றும் நினைக்காதீர்கள். இறந்தவரின் பங்கு அவருடைய வாரிசுகளுக்குப் போகும். இந்து ஆண் உயில் எழுதாமல் இறந்தால் மனைவி, பிள்ளைகளோடு அவருடைய அம்மாவும் வாரிசு. முப்பது வயதில் உயில் பற்றிப் பேசினால் வீட்டில் 'வாயில நல்ல வார்த்தை வராதா' என்பார்கள். பேசுங்கள். உயிலைப் பதிவுசெய்வதுகூடக் கட்டாயமில்லை. கடன் தொகைக்கு இணையாக ஒரு டேர்ம் இன்ஷூரன்ஸும் எடுத்துவிடுங்கள்.

அப்பா நிலத்தில் நம்ம வீடு

கிராமத்துப் பக்கம் இதுதான் அதிகம். 'இடம் இருக்கு, நீங்க கட்டிக்கங்க' என்று அப்பா சொல்வார். மனசார சொல்வார். ஜோடி கடன் வாங்கி, 15 வருஷம் கட்டி, மாடியும் எடுப்பார்கள். பட்டா அப்பா பேரிலேயே இருக்கும். அவர் காலத்துக்குப் பிறகு அண்ணன், தங்கச்சி, அம்மா எல்லாருக்கும் அந்த நிலத்தில் பங்கு. நிலத்தோடு ஒட்டிய கட்டடத்தைத் தனியாகப் பிரித்துப் பேசுவது பெரும் பாடு. பாகப்பிரிவினை அன்றைக்குத்தான் சண்டை வெடிக்கும்.

கடைக்கால் தோண்டுவதற்கு முன்பே, வீடு வரும் இடத்தை மட்டும் அளந்து பிரித்து, செட்டில்மென்ட் எழுதி வாங்குங்கள். குடும்பத்துக்குள் எழுதும் செட்டில்மென்ட்டுக்கு முத்திரைத் தீர்வை 1 சதவிகிதம், அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1 சதவிகிதம், அதிகபட்சம் 10,000. அப்பா மகனுக்கு எழுதுவதும், மகன் தன் மனைவிக்குப் பாதி எழுதுவதும் இதே கணக்குதான். அப்பாவிடம் இதை எப்படிக் கேட்பது என்று தயக்கமா? 'பேங்க்ல கேக்குறாங்கப்பா' என்று சொல்லுங்கள். பெரும்பாலும் உண்மையும் அதுதான்.

காகிதம் பார்க்கும் படலம்

வாங்கும் வீடு ஒரு குடும்பத்தின் பூர்வீகச் சொத்து என்றால், அந்த வீட்டுப் பெண்கள் கையெழுத்து போட்டிருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். தமிழ்நாட்டில் 1989-லேயே மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் சம உரிமை கொடுத்துச் சட்டம் வந்தது. 2005-ல் மத்திய சட்டமும் வந்தது. இருந்தும் 'தங்கச்சிக்கு சீர் செஞ்சு அனுப்பிட்டோம்' என்று அண்ணன் தம்பி மட்டும் விற்கும் பழக்கம் போகவில்லை. அந்தத் தங்கச்சி நாளை வழக்கு போட்டால், நியாயம் அவர் பக்கம், நஷ்டம் உங்களுக்கு. உங்கள் மனைவிக்கு நீங்கள் கேட்கும் அதே உரிமைதான் அவருக்கும்.

'பஞ்சாயத்து அப்ரூவ்டு' மனை என்றால் ஒரே வார்த்தை: வேண்டாம். மனைப்பிரிவுக்கு ஒப்புதல் தருவது நகர் ஊரமைப்புத் துறையான டி.டி.சி.பி. 2016 அக்டோபர் 20-க்கு முன் பிரித்த மனைகளுக்கு வரன்முறை உத்தரவு இருக்கிறதா என்று கேளுங்கள். புதிய பெரிய லேஅவுட் என்றால் ரெரா பதிவு எண்ணை வாங்கி இணையத்தில் நீங்களே சரிபாருங்கள். இ.சி-யையும் வழிகாட்டி மதிப்பையும் பதிவுத்துறை தளத்திலும், பட்டாவை வருவாய்த் துறையின் இ-சேவை தளத்திலும் போனிலேயே பார்க்கலாம்.

கோயில் நிலமா என்பதும் முக்கியம். புதிய கலெக்டர் ஆபீஸுக்கு வீரசோழபுரத்தில் கோயில் நிலத்தைத் தேர்ந்தெடுத்ததும் விஷயம் உயர்நீதிமன்றம் வரை போனது. அரசாங்கத்துக்கே அந்த நிலைமை என்றால், நாமெல்லாம் எந்த மூலை!

பழைய வீட்டைப் புதுசாக்கும்போது

பழைய வீடு வாங்குபவர்கள் முதலில் டைல்ஸ் கடைக்குத்தான் ஓடுகிறார்கள். அது கடைசியில் போக வேண்டிய இடம். பணத்தை மேலேயும் உள்ளேயும் போடுங்கள். மேலே என்றால் தளம். ஐப்பசி, கார்த்திகை மழையில் வீட்டைப் பார்க்க முடிந்தால் அதைவிட நல்ல இன்ஸ்பெக்‌ஷன் இல்லை. சன்ஷேடு, பரண், பாத்ரூம் சீலிங் மூன்றிலும் காரை பெயர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிகிறதா பாருங்கள். அங்கே பெயின்ட் அடிப்பது ஜுரத்துக்குப் பவுடர் பூசுவது மாதிரி. துருவைத் தேய்த்து எடுத்து, கம்பிக்கு மருந்து பூசி, பிறகுதான் பூச்சு. பூசிய சுவரை மேஸ்திரி 'ரெண்டு நாள் நனைச்சா போதும்' என்பார். ஒரு வாரம் நனையுங்கள்.

உள்ளே என்றால் ஒயரிங். பழைய வீடுகளில் எர்த் சரியாக இருக்காது. இன்டக்‌ஷன் அடுப்பு, ஹீட்டர், ஏ.சி எல்லாம் அந்தக் காலத்து ஒயர் தாங்காது. எம்.சி.பி-யோடு, 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி ஒன்றும் போடுங்கள். ஷாக் அடித்தால் உயிரைக் காப்பது அதுதான். நாட்டு ஓடோ, கட்டையும் செங்கல்லும் அடுக்கிய மெட்ராஸ் டெரஸோ உள்ள வீடு கிடைத்தால், 'இடிச்சிடலாம்' என்று சொல்பவரிடம் உடனே தலையாட்டாதீர்கள். கட்டை உளுத்துப்போகாமல் இருந்தால், சித்திரை வெயிலில் அந்தக் கூரையின் அருமை தெரியும். பழைய நிலைக்கதவைப் பழைய மரக் கடைக்குத் தள்ளிவிடவும் வேண்டாம். இது மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு வாங்கிய ஊர். அதைத் தேய்த்து மெருகேற்றத் தெரிந்த கைகள் பக்கத்திலேயே இருக்கின்றன.

இடித்துப் புதிதாகவே கட்டுவது என்று முடிவெடுத்தால், 2024 ஜூலை 22 முதல் சுயசான்று முறை இருக்கிறது. 2,500 சதுர அடி வரையிலான மனையில், தரைத்தளமும் ஒரு மாடியுமாக 3,500 சதுர அடிக்குள் கட்டும் வீட்டுக்கு ஆன்லைனிலேயே அனுமதி வாங்கலாம்.

அடுப்பு மேடை உயரத்தை மேஸ்திரியிடம் விடாதீர்கள். அவரிடம் ஒரு அளவு இருக்கும். ஊரில் எல்லார் வீட்டுக்கும் அதையே வைப்பார். தினமும் சமைப்பது யாரோ, அவர் நின்று, முழங்கையை மடக்கி, அதற்கு நாலு விரற்கடை கீழே கோடு போடுங்கள். ரெண்டு பேரும் சமைக்கிறீர்கள் என்றால் நடுவில் எங்காவது. 'அவதான சமைக்கப் போறா, அவளையே கேளுங்க' என்று கணவன் சொல்லும் வீட்டில், அந்தக் கோட்டோடு சேர்த்துப் பேச வேண்டியது வேறு பல இருக்கிறது!

பதிவு முடிந்து சில வாரங்களில் பட்டா மாறும். முழு சர்வே நம்பரும் உங்களுக்கே என்றால் சீக்கிரம். உட்பிரிவு என்றால் சர்வேயர் வந்து அளக்க வேண்டும், அதனால் தாமதமாகும். வந்ததும் போனில் பட்டாவைத் திறந்து, உரிமையாளர் பேர் இருக்கும் இடத்தில் இருவர் பேரும் இருக்கிறதா, இனிஷியல் சரியா, அப்பா பேர், கணவர் பேர் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். பத்திரத்தில் இருந்த பேர் பட்டாவில் விட்டுப்போயிருந்தால், பத்திர நகலோடு தாலுகா ஆபீஸில் உடனே மனு கொடுங்கள். வீட்டு வரி ரசீதும் மின் இணைப்பும் பழைய ஓனர் பேரிலேயே இருக்கும். அதே வாரத்தில் அவற்றுக்கும் எழுதிப் போட்டுவிடுங்கள்.